பன்னிரண்டாவது டொலர்

1960ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாத்தளை திருகோணமலை வீதியில் உள்ள எங்கள் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், ரவூப், ஏலக்காய் வியாபாரி. என் மனைவி உம்மு குல்தூம். கப்பலேறிப் போன என் தம்பி நுஹ்மானின் மனைவி ஸரீனா. ஸரீனாவின் நானா, கூடப்பிறந்த அண்ணன் பாறூக், இரத்தோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பாறூக் கொழும்பிலிருந்து அழைத்துவந்த நாணய மதிப்பீட்டாளர் இத்ரூஸ். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எனக்கு ஏலக்காய் மூடைகள் கொண்டுவரும் லொறிச் சாரதி மாரிமுத்து. மாரிமுத்துவை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. மூடைகளை இறக்கிவிட்டுத் தேநீருக்காக நின்றார். நான்தான் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

இத்ரூஸ் வந்தது எங்கள் வெள்ளி டொலர்களைப் பார்க்க. அவை எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தை முதலில் சொல்லவேண்டும்.

நான் பிறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன், அமெரிக்கக் கப்பலொன்றுக்குச் சரக்கு எடுக்க வந்த ஒருவர் கொழும்புத் துறைமுகத்தில் எங்கள் வாப்பாவிடம் ஏலக்காய் வாங்கினார். கப்பல் புறப்படும் நேரம் ஆகிவிட்டது. வங்கி பூட்டியிருந்தது. கையிலிருந்த ரூபாய் போதாத இடத்துக்குத் தன் பையிலிருந்து பன்னிரண்டு டொலர்களை எடுத்து வாப்பாவின் கையில் வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினார். வாப்பா அவற்றை ஒருநாளும் மாற்றவில்லை. மாற்றச் சொன்னவர்களிடம், "அந்த மனிசன் என்னைக் கண்டது ஒரு நாள். ஆனாலும் அவன்ட சாமானத்த என்ட கையில வெச்சிட்டுப் போனான். அத நான் கடையில குடுக்கிறதா?" என்பாராம். ஒவ்வொரு பெருநாள் காலையிலும் அவை இரும்புப் பெட்டியிலிருந்து வெளியே வரும். பெண்கள் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மினுக்குவார்கள். வந்த விருந்தாளிகள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அஸர் தொழுகைக்கு முன் பெட்டிக்குத் திரும்பிவிடும்.

ஒரு பக்கத்தில் இலைமுடி சூடிய ஒரு பெண்ணின் தலை. அதற்குக் கீழே வருஷம். மறுபக்கத்தில் சிறகு விரித்த கழுகு. கழுகைச் சுற்றிய மாலைக்குக் கீழே, சில காசுகளில் கடுகளவு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஐம்பது வயதுவரை அந்த எழுத்தை நான் கவனித்ததே இல்லை. 1955இல் இரத்தோட்டைப் பக்கத்து வெள்ளைக்காரத் துரையொருவர் தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போகும்போது சாமான்களை விற்றார். நான் ஓர் அலுமாரி வாங்கினேன். அதன் லாச்சிக்குள், இழுப்பறைக்குள், அமெரிக்க நாணயங்களின் விலைக் கைநூல் ஒன்று கிடந்தது. மாலை மஃரிபுக்கும் இரவு இஷாவுக்கும் இடையில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து முடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

அந்த எழுத்து காசு அடித்த ஊரைக் குறிப்பது. எழுத்தில்லாதது பிலடெல்பியா. ஓ என்றால் நியூ ஓர்லியன்ஸ். எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ. வேறு ஊர்களும் உண்டு. ஒரே வருஷம், ஒரே நிறை, ஒரே கழுகு. ஆனால் எழுத்துக்கு எழுத்து விலை வேறு. 1893இல் எஸ் எழுத்தோடு அடித்தவை ஒரு லட்சம் மட்டுமே. அவற்றில் தேயாத ஒன்றுக்குக் கைநூல் சொன்ன விலையை ரூபாயில் கணக்கிட்டபோது, அன்றைய மாத்தளையில் ஒரு நல்ல வீட்டின் விலை வந்தது.

பலாமரத்தில் தட்டமொன்று செய்வித்து, பச்சைக் கம்பளித் துணி விரித்து, அதில் பன்னிரண்டு குழிகள் வெட்டச் சொன்னேன். பதினொரு குழிகளில் காசுகளை வருஷ வரிசைப்படி அடுக்கினேன். 1879 எஸ், 1881 எஸ், 1884 ஓ, 1885 ஓ, 1886, 1887 என்று அது போகும். எல்லாம் ஏராளமாகக் கிடைப்பவை. பன்னிரண்டாவது ஸரீனாவிடம் இருந்தது. அது எந்த வருஷத்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

1938இல் நுஹ்மானுக்குக் கப்பலொன்றில் களஞ்சியக் கிளாக்கர் வேலை கிடைத்தது. எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அதுவரை பிறருடைய சம்பளத்தில் சாப்பிட்டதில்லை. அவனுக்குக் கலியாணமாகி ஒன்றரை வருஷம். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. நான் சொன்னதை அவன் கேட்கவில்லை. கொழும்புக்குப் போய்க் கப்பலுக்காக ஒரு கிழமை தங்கியிருந்தான். அவன் போன இரண்டாம் நாள் இரும்புப் பெட்டியைத் திறந்த நான் டொலர்களை எண்ணினேன். பதினொன்று இருந்தன. உட்கார்ந்து அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். "டொலர் ஒன்று குறைகிறது. எடுத்தவன் யாரென்று தெரியும். அதைக் கொண்டுவராமல் இந்த வாசற்படியில் கால் வைக்காதே." கொழும்புக்குப் போகும் லொறியில் கொடுத்தனுப்பினேன். கடிதம் அவன் கைக்குப் போனது. அடுத்த நாள் கப்பல் ஏறினான்.

அந்த வெள்ளிக்கிழமை, சோறு போடும்போது என் மனைவி சாதாரணமாகச் சொன்னாள். நுஹ்மான் புறப்பட்ட காலையில் பெட்டி திறந்திருந்தபோது, ஸரீனா அவளிடம் கேட்டு ஒரு டொலரை எடுத்து நேர்ச்சை முடிந்திருக்கிறாள். பயணம் போகிறவர் நல்லபடி திரும்பவேண்டும் என்று ஒரு காசை வெள்ளைத் துணியில் முடிந்து வைப்பதும், அவர் திரும்பி வந்த அன்று முடிச்சை அவிழ்த்துக் காசைப் பள்ளிவாசல் நேர்ச்சைப் பெட்டியில் போடுவதும் எங்கள் பெண்களின் வழக்கம். வரும்வரை அவிழ்க்கக் கூடாது. இப்போதைய இளம் மௌலவிமார் இதெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். அது அவர்கள் பாடு.

ஒரு ரூபாய் போதும் நேர்ச்சைக்கு. தூரத்துப் பயணத்துக்குத் தூரத்துக் காசு நல்லது என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது.

நான் இரண்டாவது கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மூத்தவன் எழுதியதை மூத்தவனே அழித்து எழுதும் பழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

நுஹ்மான் தன் மனைவிக்கு எழுதினான். அவள் ஓதப் படித்த அரபு எழுத்திலேயே, அரபுத் தமிழில் எழுதினான். ஆகவே அவளே வாசித்துக்கொள்வாள். வருஷத்துக்கு நாலைந்து உறைகள் கடை முகவரிக்கு வரும். அவற்றைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுப்பேன். அன்றைய பகல் சாப்பாட்டின்போது ஸரீனா வாசற்சீலைக்குப் பின்னால் நடப்பது கேட்கும். எனக்கு ஒரு ஸலாமாவது எழுதியிருக்கிறானா என்று கேட்க ஒரு சொல் போதும். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைசி உறை பினாங்கிலிருந்து 1941 டிசம்பரில் வந்தது. அதன் பிறகு யுத்தம் அந்தப் பக்கம் போய்விட்டது. உறை எதுவும் வரவில்லை.

யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. ஸரீனா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பாறூக் பலமுறை வந்து, காதியாரிடம் சொல்லிக் கலியாணத்தை நீக்கலாம், இரத்தோட்டையில் மிளகுத் தோட்டக்காரர் ஸக்கரியா மனைவியை இழந்து தனியாக இருக்கிறார் என்றெல்லாம் பேசினார். அவள் ஒவ்வொரு முறையும் ஒரே பதில் சொன்னாள்: "முடிச்சு ஈக்கு, நானா." முடிச்சு இன்னும் இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஒரு பெருநாள் சாப்பாட்டில் நான் 1893ஐப் பற்றியும் எஸ் எழுத்தைப் பற்றியும் பேசிவிட்டேன். அது என் வாயின் பிழை. அடுத்த பெருநாள் வருவதற்குள் பாறூக் இத்ரூஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இத்ரூஸ் ஒல்லியான மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு சிறு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு காசையும் விளிம்பில் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் குழியில் வைத்தார். ஐந்தாவது காசில் நின்றார்.

"இதுகள ஆரு தேச்ச?"

"நான்தான்," என்றாள் என் மனைவி பெருமையோடு. "கலியாணம் முடிச்சு வந்த நாளிலேருந்து. மாமி தேச்ச மாதிரியே. ஒரு புள்ளிக் கறுப்பு ஈக்காது."

"ஹாஜியார், ஒவ்வொரு பெருநாளைக்கும் ஒங்கட வீட்டுல பாதி விலையத் தேச்சு வாசல்ல ஊத்தீக்கிறாங்க. வெள்ளி தானாக் கறுத்தா அது வயசு. தேச்சா அது சட்டி. இத வாங்குறவங்க கறுப்பத்தான் கேப்பாங்க."

"அழுக்குக்குக் காசு குடுக்கிற ஊரா அமெரிக்கா?" என்றாள் அவள். "நல்ல ஊர்தான்."

மாரிமுத்து தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படின்னா நம்ம லொறிய அங்கிட்டு அனுப்பிருவோங்க மொதலாளி. வாங்குன நாள்லருந்து ஒரு தண்ணி பட்டதில்ல. மழைக்கு நனைஞ்சாத்தான் உண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். தேய்க்கக் கூடாது என்று அந்தக் கைநூலிலும் எழுதியிருந்தது. ஐந்து வருஷமாக எனக்குத் தெரியும். நான் என் மனைவியிடம் சொல்லவில்லை. புளி மணக்காத பெருநாள் எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

பதினொன்றையும் பார்த்து முடித்தபின் இத்ரூஸ் சொன்னார்: "எல்லாம் சாதாரண வருஷம், ஹாஜியார். வெள்ளி நிறைக்கு மேல கொஞ்சம் தேறும். அவ்வளவுதான்." பிறகு விரலை வெறும் குழியில் வைத்தார். "இது?"

"அது ஈக்கு," என்றார் பாறூக். "என்ட தங்கச்சிட்ட. இருபத்திரண்டு வருஷமாத் தேய்க்காத காசு. சீலையில முடிஞ்சு ஈக்கு."

இத்ரூஸ் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

ஸரீனா வாசற்சீலைக்கு அருகே நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தொரு வயது. முக்காட்டுக்கு வெளியே தெரிந்த கற்றை நரைத்திருந்தது. உள்ளே போய் முடிச்சை எடுத்துவந்தாள். பழுத்த இலையின் நிறத்துக்கு மாறிவிட்ட மெல்லிய துணி. காசின் ஒரு முகத்தின்மேல் துணி இழுபட்டு வழுவழுவென்று இருந்தது. மறுமுகத்தில் மூன்று முடிச்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இறுகிக் கிடந்தன.

"தாங்க புள்ள," என்று இத்ரூஸ் கை நீட்டினார்.

"என்ட கையில ஈக்கட்டும். பாக்கறதப் பாருங்க."

அவர் கோபிக்கவில்லை. தன் பையிலிருந்து வெங்காயத் தோல்போல மெல்லிய தாளொன்றையும் மொட்டைப் பென்சிலொன்றையும் எடுத்தார். "இத அவிழ்க்காமலே ஒரு பக்கத்தப் பாக்கலாம்," என்றார். ஸரீனா உள்ளங்கையை விரித்து, முடிச்சுகளை விரல்களுக்கிடையே கீழே விட்டு, வழுவழுப்பான முகத்தை மேலே வைத்தாள். இத்ரூஸ் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தார். முதலில் ஒரு நெற்றி வந்தது. பிறகு மூக்கு. இலைகள். விளிம்பில் நட்சத்திரங்கள். கீழே இலக்கங்கள்.

"நீங்களே வாசிங்க ஹாஜியார்," என்றார்.

நான் வாசித்தேன். அவர் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். மறுபடியும் வாசித்தேன். 1893.

பாறூக், "அல்லாஹு அக்பர்," என்றார்.

"அவசரப்படாதீங்க," என்றார் இத்ரூஸ். அவருடைய குரலும் இறங்கியிருந்தது. "அந்த வருஷத்துல நாலு ஊர்ல அடிச்சீக்கிறாங்க. எழுத்து பின் பக்கம், மாலைக்குக் கீழ. எஸ் எண்டா நான் இண்டைக்கு ரயில்ல தனியாப் போகப் பயப்படுவேன். எழுத்தில்லாட்டி நூறு ரூபாய்க்கு யோசிப்பேன். பென்சில் அந்தப் பக்கத்துக்குச் சரிவராது. மூணு முடிச்சுக்கும் நேர் கீழதான் எழுத்து ஈக்கும்."

அறையில் இருந்த எல்லாரும் அந்த முடிச்சுகளைப் பார்த்தோம். நான் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஐந்து வருஷமாக ஒவ்வொரு மாலையும் அந்த வெறும் குழியைப் பார்த்தவன் நான். ஒரு நகம் போதும். மூன்று முடிச்சுக்கும் இரண்டு நிமிஷம் போதும்.

"அவிழ் தங்கச்சி," என்றார் பாறூக். "எஸ் ஈந்தா ஒன்ட பேர்ல வீடு. இல்லாட்டி ஒண்டும் நட்டமில்ல. திரும்ப முடிஞ்சிக்கலாம்."

"திரும்ப முடியறது வேற நேர்ச்சை நானா."

"நேந்துக்கிட்ட காச அவுக்கக் கூடாதுங்க," என்று மாரிமுத்து குறுக்கிட்டார். "எங்க கோயில்லயும் அதேதான். அவுத்தா, 'அவரு இனி வரமாட்டாரு, நான் ஒத்துக்கிட்டேன்'னு சாமிகிட்டச் சொல்ற மாதிரி."

"ஒம்மக் கேட்டாங்களா டிரைவர்?" என்றார் பாறூக்.

"கேக்கலீங்க. தேத்தண்ணி குடுத்தாங்க, அதான் பேசுறேன்."

இத்ரூஸ் இருமினார். "நான் ஒரு பேச்சு செல்றேன். அவிழ்க்க வேணாம். கட்டோட தாங்க. எழுத்துப் பாக்காம, கண்ண மூடிக்கொண்டு ஆயிரத்தைந்நூறு ரூபாய் தாறேன். நட்டமெண்டா எனக்கு."

ஸரீனா முதல்தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். "கொண்டு போறவர், அவர் வாற வரைக்கும் அவிழ்க்காம வெச்சீப்பீங்களா?"

"இல்ல புள்ள," என்றார் அந்த நேர்மையான மனிதர். "ரயில் பாதி வழி, பொல்கஹவெல வரைக்கும்கூடத் தாங்க மாட்டேன்."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஸரீனாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் பாறூக்கைக் கிளப்பிவிட்டது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. இருபத்திரண்டு வருஷம்! வாறவன் எப்பவோ வந்தீப்பான். கள்ளன் எண்டு காயிதம் எழுதின வீட்டுக்கு எந்த மனிசன் திரும்பி வருவான்?"

பாறூக் என் பக்கம் திரும்பவில்லை. தங்கையைப் பார்த்தே சொல்லிமுடித்தார். "ஹார்பர்ல நான் பக்கத்துல ஈந்தேன். வாசிச்சிட்டு, எனக்கும் காட்டிட்டு, மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வெச்சான். ஒரு சொல் பேசல்ல. இத்தன வருஷம் இந்த வீட்டு மரியாதைக்காக நான் வாய் தொறக்கல்ல மச்சான். இண்டைக்குத் தொறந்திட்டேன்."

ஒரு வியாபாரிக்கும் ஒரு சாரதிக்கும் முன்னால் இந்தக் குடும்பத்தின் பெயரை நான் காப்பாற்றியிருக்கலாம். அப்படியொரு கடிதமே இல்லை என்று சொன்னால் நம்புவதற்கு அங்கே ஆள் இருந்தது. என் சொல்லுக்கு மாத்தளையில் அந்த மதிப்பு இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"எழுதியது நான்தான்," என்றேன். "அது பிழையென்று அந்தக் கிழமையே எனக்குத் தெரியும். திருத்தி எழுதவில்லை."

இதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆனது. சொன்னபோது நேரமே ஆகவில்லை.

ஸரீனா கையிலிருந்த முடிச்சைத் திருப்பிப் பிடித்தாள். "பெரிய மச்சான்," என்றாள். "கடைசிக் காயிதத்துல ஒங்களுக்கு ஒரு சொல் ஈக்கு."

"என்ன சொல்?"

"'நானா ஒரு சொல், வா எண்டு எழுதினா, அடுத்த கப்பல்ல வாறேன்.' அவ்வளவுதான்."

எனக்கு அவளைக் கோபிக்கத்தான் முதலில் வாய் வந்தது. "ஏன் சொல்லவில்லை? பதினெட்டு வருஷம் ஏன் சொல்லவில்லை?"

"அதுக்குக் கீழ இன்னொரு வரி ஈக்கு மச்சான். 'நானா என்னப் பத்திக் கேட்டாச் செல்லு. கேக்காட்டிச் செல்லாத.'" அவள் குரல் உயரவில்லை. "காயிதம் வந்த அண்டைக்கு நீங்க சாப்பிட்டுக்கொண்டீந்தீங்க. சீலைக்குப் பின்னால நிண்டேன். கேப்பீங்க எண்டு பாத்தேன். அடுத்த நாளும் பாத்தேன். பொறகு சப்பான்காரன் வந்திட்டான், பினாங்குக்குக் காயிதம் போறதில்ல எண்டு கடையில பேசிக்கிட்டாங்க. நான் இண்டைக்கு வரைக்கும் பாத்துக்கொண்டுதான் ஈக்கிறேன்."

நான் உட்கார்ந்தேன். தட்டத்தில் பதினொரு பெண்களின் தலைகளும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் தம்பிக்கு என் குணம் எவ்வளவு சரியாகத் தெரிந்திருந்தது என்று நினைத்தேன். அவனுக்கும் அதே குணம்தான்.

பாறூக்தான் பேசினார். இப்போது அவர் குரலில் சூடு இல்லை. "சரி மச்சான். குடும்பத்துக்கு மூத்தவர் நீங்க. நீங்க செல்லுங்க. அவிழ்க்கிறதா, இல்லையா?"

இத்ரூஸின் கண் முடிச்சில் இருந்தது. ஸரீனாவின் கண் என்மேல் இருந்தது. மூத்தவர் அவிழ்க்கச் சொன்னால் அவள் அவிழ்த்துவிடுவாள் என்பதை நான் கண்டுகொண்டேன். எங்கள் வீட்டுப் பெண். மறுசொல் சொல்லமாட்டாள். அவிழ்த்துவிட்டுக் காதியாரிடமும் போவாள், ஸக்கரியாவின் மிளகுத் தோட்டத்துக்கும் போவாள், அங்கே உயிர் வாழ்வாள்.

"அவிழ்ப்பதில்லை," என்றேன்.

"ஏன்?"

"வரவில்லை வரவில்லை என்கிறீர்கள். அவனை இந்த வீட்டிலிருந்து யாரும் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாத ஆள் வரவில்லை என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது?"

இத்ரூஸ் தாளை மடித்து ஸரீனாவிடம் நீட்டினார். பென்சிலில் எழுந்த அந்தத் தலை, கீழே வருஷம். "வெச்சிக்கொங்க புள்ள," என்றார். மதிப்பீட்டுக் கூலி வாங்க மறுத்தார். நான் வற்புறுத்தி வாங்கவைத்தேன். ஒருவருடைய உழைப்பை இனாமாகப் பெறுவதில்லை நாங்கள். மாரிமுத்து அவரை லொறியின் முன்னாசனத்தில் ஏற்றி ஸ்டேஷனில் விட்டார். "ஏலக்கா வாசம் ஒரு வாரத்துக்குச் சட்டைய விட்டுப் போகாதுங்க," என்று சொல்வது வாசலில் கேட்டது.

அன்று லுஹர் தொழுதுவிட்டு எழுத உட்கார்ந்தேன். அரபுத் தமிழிலேயே எழுதினேன். நுஹ்மானுக்கு. வா. நானா. வேறு ஒன்றும் எழுதவில்லை. ஸரீனாவின் உறையிலிருந்து பினாங்கு முகவரியைப் பார்த்தெழுதினேன். நானே தபால் கந்தோருக்கு நடந்துபோய் முத்திரை ஒட்டிப் போட்டேன்.

நாலு மாதத்தில் திரும்பி வந்தது. அப்படியொரு வீடு அந்தத் தெருவில் இல்லை என்று உறையின் மேல் எழுதியிருந்தது. பிறகு பினாங்கில் நம் ஆட்கள் வைத்திருக்கும் கடைகளின் பெயர்களைக் கொழும்பில் விசாரித்து ஒவ்வொன்றாக எழுதினேன். பள்ளிவாசல்களுக்கு எழுதினேன். சிங்கப்பூருக்கும் எழுதினேன். வருஷத்துக்கு நாலைந்து கடிதங்கள். அவன் எழுதிய கணக்குத்தான். சில திரும்பி வந்தன. சிலவற்றுக்கு முன்பின் அறியாதவர்கள் அன்போடு பதில் எழுதினார்கள். அவனைக் கண்டதாக ஒருவரும் எழுதவில்லை. அவன் மௌத்தாகி அடக்கப்பட்டதைக் கண்டோம் என்றும் ஒருவரும் எழுதவில்லை.

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. தபால்காரர் வந்துபோன நாட்களில் பகல் சாப்பாட்டின்போது சீலைக்குப் பின்னாலிருந்து ஸரீனா கேட்பாள்: "ஏதும் ஈக்கா மச்சான்?" நான் இருப்பதைச் சொல்வேன். இல்லாததையும் சொல்வேன். எங்கள் இருவருக்குமிடையில் அதற்கு முன் இருபது வருஷத்தில் பேசாததை அந்தப் பதினொரு வருஷத்தில் பேசினோம். நுஹ்மானுக்குச் சின்ன வயதில் வெந்தயம் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியாது. அவன் தூக்கத்தில் சிங்களத்தில் பேசுவான் என்பது எனக்குத் தெரியாது.

1971 ஒக்டோபரில் ஸரீனா காலமானாள். காய்ச்சல் ஐந்து நாள். முடிச்சு தலையணைக்குக் கீழே இருந்தது. பென்சில் தாள் ஓதும் கிதாபுக்குள் இருந்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்தபின், பாறூக்கையும் வைத்துக்கொண்டு நான் மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். ஆள் திரும்பவில்லை, ஆகவே நேர்ச்சை கடமையாகவில்லை, வீட்டார் கேட்டபோது கொடுத்துவிட்டதால் காசு அவளுடைய சொத்து என்றார். பிள்ளை இல்லாததால் பாதி புருஷனுக்கு, மீதி கூடப்பிறந்தவருக்கு. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதபோது என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கிதாபைப் பார்க்காமலே சொன்னார்: காணாமற்போனவர் மௌத்தானார் என்று தீர்ப்பு ஆகும்வரை ஹயாத்தோடு, உயிரோடு இருப்பவர் கணக்கில்தான். அவருடைய பங்கை யாரும் தொடக்கூடாது, நிறுத்திவைக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பைக் காதியாரிடம் கேட்டு வாங்க வேண்டியவர் பாறூக். கேட்டால் முழுக் காசும் அவருக்கு வரும். அவருக்கு எழுபது வயது. கடைச் சரக்கை மகன் கைக்கு வந்த விலைக்கு விற்றுக் கடனாக்கிவிட்டிருந்தான். எஸ் எழுத்துக் காசின் விலை அவருக்குத் தேவைப்பட்ட காலம் அது.

திரும்பி நடக்கும்போது பஸ் நிறுத்தத்தில் நின்றார். "பாதிக் காச எப்படித் தருவீங்க மச்சான்? அரத்தால அறுத்தா?"

"நீங்கள் சொன்னால் விற்றுப் பிரிக்கலாம்."

"அவிழ்க்காம விக்க ஏலாதே." இரத்தோட்டை பஸ் வந்தது. தோட்டத்து ஆட்கள் இறங்கி முடியும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மத்தப் பாதிக்காரன் வரட்டும். ரெண்டு பேருமா அவிழ்ப்பம்," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

போன வருஷம் பாறூக்கும் போய்விட்டார். அவருடைய பிள்ளைகள் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் அவர்களுடைய பாதிக்கு நான் பதில் சொல்வேன். என் தம்பியின் பாதிக்கு அவனுக்கு மட்டுமே பதில் சொல்வேன். அவனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில் மனிதர்கள் கப்பலேறுகிறார்கள். இந்த மாதமும் ஒரு கடிதம் போயிருக்கிறது.

அந்த டொலரில் எஸ் எழுத்து இருந்ததென்றும், 1960இல் அதைக் கொழும்பு ஆளுக்கு விற்றுத்தான் எங்கள் கடைக்கு மேல்மாடி எழுப்பினோமென்றும் ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய். மேல்மாடி 1964ஆம் ஆண்டு ஏலக்காயில் எழுந்தது. டொலர் விற்கப்படவில்லை. அதில் என்ன எழுத்து இருக்கிறது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.